கோடையும் விரால் மீனும்

கோடை விடுமுறைக்குக் கல்லூரி மூடப்பட்டதும் நம் மாணவருட் பலர் சேலம், நாமக்கல் சமவெளிகளிலுள்ள தத்தம் சிற்றூர்களுக்குச் செல்கின்றனர். காலைப்பொழுது தோட்டத்து வேலையிலும், மாலைப்பொழுது நண்பர்களோடு உலாவுவதிலும் கழிந்துவிடும். இடையே நிற்கும் நண்பகலே கழியாத பொழுது. அப்பொழுதில் தூண்டிற்கோலை எடுத்துக்கொண்டு ஏரிக்கோ கிணற்றுக்கோ புறப்படும் இளைஞனைப் பார்த்து, "இந்த வேகாத வெயிலில் எந்த மீன் கண்ணு உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது?" என்று வீட்டிலுள்ள பெரியோர் தடுப்பர். அவர்கள் வினா நியாயமானதே. ஆயினும் அதற்கு விடை ஒன்று உண்டு, விரால் காத்துக்கொண்டிருக்கிறது. அது ஏன் காத்திருக்கிறது என்பதையும், நாம் எப்பொழுது அதனைத் தொடாது திரும்பிவிட வேண்டும் என்பதையும் இங்கே கூறப் புகுகின்றேன்.

மீன் பிடிப்போர் நண்பகலை நம்பாமை புதிதன்று. லூக்கா சுவிசேஷத்தின் 5 ஆம் அதிகாரத்தில் பேதுருவும் அவருடைய கூட்டாளிகளும் வலை வீசியது இரவிலேயாகும்; பகலில் மறுபடி ஆழத்திற்குப் போகும்படி சொல்லப்பட்டபோது அவர் தயங்கினார். அத்தயக்கம் தொழிலறிந்தவருடைய தயக்கம். நம் நாட்டில் மேட்டூர் நீர்த்தேக்கத்திற் பரிசலேறிச் செல்வோரும் மாலையில் வலையை இறக்கி, விடியலில் எடுப்பதையே வழக்கமாகக் கொண்டிருக்கின்றனர்.

இதற்குக் காரணம் மீனின் உடலமைப்பிலும் நீரின் இயல்பிலும் இருக்கின்றது. மீன் தன் உடம்பின் வெப்பத்தைத் தானே ஒரு நிலையில் வைத்துக்கொள்ள வல்லதன்று. நீர் சூடேறினால் அதன் உடம்பும் சூடேறும். 10 பாகை சென்டிகிரேடு ஏறினால் அதற்கு வேண்டிய பிராணவாயு ஏறத்தாழ இருமடங்காகும். நீரோ சூடேற ஏறப் பிராணவாயுவைக் குறைவாகவே தன்னகத்துக் கரைத்து வைத்திருக்கும். 20 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் 9 மில்லிகிராம் அளவு கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம். 35 பாகையில் 7 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. செலவு ஏற ஏற வரவு இறங்கும் குடும்பத்தின் நிலைமையே மீனின் நிலைமையும். செலவைச் சுருக்குவதன்றி அதற்கு வேறு வழியில்லை. ஆதலால் அசையாது கிடக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். நண்பகலே நீரிற் பிராணவாயு மிகக் குறைந்த வேளை என்று பலர் கருதுவர். பாசி படர்ந்து பச்சைப்பசேலெனக் கிடக்கும் ஏரியில் நிலைமை இதற்கு முற்றிலும் மாறானது. வெயில் படும்போது பாசியும் நீர்ச்செடிகளும் தம் உணவைச் சமைத்துக்கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகின்றன. பிற்பகலில் அது நீரில் மிகுந்திருக்கும். இரவில் அச்செடிகளும் சுவாசிக்கும். சேற்றில் அழுகும் இலை தழைகளும் தம் பங்கைக் கேட்கும். விடியற்காலையிற் கையிருப்பு அடிமட்டத்திற்கு வந்துவிடும். ஏரி சுருங்கிய கோடையில் ஒருநாட் காலை கெண்டை மீன்கள் வெள்ளை வெள்ளையாய் மிதப்பதைக் கண்டு, 'யாரோ பகைவன் நஞ்சு கலந்துவிட்டான்' என்று ஊரிற் பூசல் விளைவதுண்டு. நஞ்சு கலப்போரும் உலகில் இருக்கின்றனர். வெடியிட்டும் விஷமிட்டும் மீன் கொல்வதை 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டமே குற்றமாக்கிற்று. ஆனாற் பல தடவைகளிற் குற்றவாளி முந்திய இரவேயன்றி வேறு யாருமல்லர். நண்பகலில் மீனை ஒடுக்குவன பெரிதும் வெப்பமும் ஒளியுமாம். மீனுக்கு இமையில்லை என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

வட அமெரிக்க ஏரிகளில் 'பாஸ்' என்னும் வேட்டைமீனுக்குத் தூண்டிலிடுவது அந்நாட்டார் பெரிதும் விரும்பும் பொழுதுபோக்கு. கோடை நண்பகலுக்கு அவர்கள் வைத்திருக்கும் விதி மிகச் சுருக்கமானது: ஆழத்தைத் தேடு, நிழலைத் தேடு, செடிப்புதரைத் தேடு. 1934 இல் முடிவுற்ற நம் மேட்டூர் அணைக்குப் பின்னேயுள்ள ஸ்டான்லி நீர்த்தேக்கத்திற்கு இவ்விதியின் முதற்பகுதி பொருந்தும்; அங்கே நிரம்பிய காலத்தில் 120 அடி வரையில் நீர் நிற்கும், மீன் கீழே இறங்கிக் குளிர்ச்சியைப் பெறலாம். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் பாயும் வெளியில், சித்திரை மாதத்து ஏரியில் ஆழம் ஏது? முழங்காலளவும் இடுப்பளவுமே மிஞ்சியிருக்கும். அடிநீரும் கஞ்சி போலச் சுடும். ஆகவே எஞ்சுவன நிழலும் புதருமே. அந்த வெந்நீர்க் குட்டையிலும் கெண்டை சோர்ந்து கிடக்க, வேட்டையை விடாதிருப்பது விரால்.

விரால் நீரிலுள்ள பிராணவாயுவை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அதன் செவுள்களுக்கு மேலே, தலையின் இருபுறத்தும், இரத்தக்குழாய்கள் நெருங்கிய உள்தோலையுடைய அறை ஒவ்வொன்று உண்டு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கி அவ்வறைகளில் நிரப்பிக்கொள்கின்றது. ஒரு லிட்டர் சூடான நீரில் ஏழரை மில்லிகிராம் பிராணவாயு இருப்பதாகக் கண்டோம். ஒரு லிட்டர் காற்றிலோ ஏறக்குறைய 270 மில்லிகிராம் இருக்கின்றது. முப்பத்தைந்து மடங்கு செல்வம் தலைக்கு மேலே கிடக்கும்போது கீழேயுள்ள வறுமை விராலை வருத்துவதில்லை. ஆனால் இச்சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. வளர்ந்த விராலை நீர்மட்டத்திற்கு வரவொட்டாமல் வலையால் மறித்து வைத்தால் அது மூச்சு முட்டி இறந்துபோம். நீருள் வாழும் பிராணி நீரிலேயே மூழ்கிச் சாவது வியப்பன்றோ!

சாஸ்திர உலகில் இம்மீனுக்குப் பெயரிட்டவர் பெர்லின் நகரத்து வைத்தியரான பிளாக் என்பவர். விராலையும் குரவையையும் 1793 இல் பாம்புத்தலை மீன்கள் என்னும் பொருளுடைய பெயரால் வருணித்தார். நம் கடற்கரை மீன்களை அவருக்கு அனுப்பி உதவியோருள் ஒருவர் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் ஐயர் என்பது மிஷன் கல்லூரியிற் பயில்வோர் அறியத்தக்கது. கடல்வாழ் கத்தாளை மீன்களின் ஓர் இனம் இன்றும் 'ஜானியஸ்' என்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பின்னர்ச் சென்னைப் படையில் வைத்தியராயிருந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலில் விரால், பூவிரால், குரவை ஆகிய தமிழ்ப் பெயர்களையும் குறித்தார். சென்னை மாகாணத்திற் கலெக்டராயிருந்த எச். எஸ். தாமஸ் என்பவரோ ஏரிகளில் தூண்டிலிடுவதற்கென்றே 1887 இல் ஒரு தனி நூல் எழுதினார். அத்துணைப் பெரிய உத்தியோகத்தில் இருந்தவருக்கு எரிக்கரையில் உட்கார நேரம் எவ்வாறு கிடைத்ததோ!

இனித் தூண்டிலிடும் முறைக்கு வருவோம். முதலாவது, விரால் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். நீர் சூடேறும்போது அது காற்றுக்கு அடிக்கடி மேலே வரவேண்டியிருக்கின்றது. ஆம்பல் இலைகளுக்கிடையே 'களக்' என்று ஓர் ஓசை கேட்கும். ஒரு வட்டம் விரியும். இரண்டொரு குமிழிகள் எழும். காலையில் நெடுநேரம் காத்திருந்து காணவேண்டிய இவ்வடையாளத்தை நண்பகலில் விரைவிற் காணலாம். கரையில் வந்தவுடன் தூண்டிலை வீசுவது அவசரக்காரன் செயல். கோலைக் கீழே வைத்து, பனைநிழலில் அமர்ந்து, கால்மணி நேரம் நீரைப் பார்த்திருப்பவனுக்கே மீன் உரியது.

இரண்டாவது, நிழலைப் பற்றியது. காலையிலும் மாலையிலும் நம் நிழல் நீண்டு நீரில் விழுந்து மீனை வெருட்டும். சேலத்தில் ஏப்பிரல் மாதம் 20 ஆம் நாள் வாக்கிலும் மறுபடி ஆகஸ்டு மாதத்திலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். அந்நாட்களில் நம் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கிவிடும். சித்திரை நண்பகலின் பயன்களுள் இதுவும் ஒன்று. ஆனாற் காலடி ஓசையை வெயில் மறைக்காது. மண் அதிர நடப்பவன் வெறுங்கையோடு திரும்புவான்.

இரைக்குத் தவளையைக் கட்டுவதே தொன்றுதொட்ட வழக்கம். உயிர்த்தவளையை முள்ளிற் குத்துவதை நான் விட்டுப் பல்லாண்டுகளாயின. இந்நாளிற் கடைகளில் ரப்பர்த் தவளை கிடைக்கின்றது. அதனை இலைமேல் எறிந்து, இலையிலிருந்து நீருக்குத் தத்தித் தத்தி இழுத்தால் விராலுக்கு ஐயம் தோன்றுவதில்லை. அது கிடைக்காதோர் சிறு கெண்டையையோ மண்புழுவையோ இட்டு, சோளத்தட்டையால் தக்கை செய்து மிதக்கவிடலாம். விரால் இரையை அடித்தவுடன் கோலைச் சுண்டுதல் கூடாது. அது முதலிற் பற்றும், பிறகு திரும்பும், பிறகே விழுங்கும். ஐந்து எண்ணும் வரையிற் கையை அடக்குதல் நன்று. நான் மூன்று எண்ணியே பல மீன்களை இழந்திருக்கின்றேன். குத்தகைக்கு விடப்பட்ட ஏரியாயின் குத்தகைதாரரிடம் முன்னரே கேட்டுக்கொள்க. நகரத்துக் கழிவு கலக்கும் நீரிலும் விரால் பிழைத்திருக்கும். அது பிழைத்திருப்பதால் அந்நீர் நல்ல நீர் என்றாகாது. அங்கே பிடித்ததை உண்ணலாகாது.

நம் பகுதிக்குச் சிறப்பாக உரியது கிணற்று விரால். கவலை இறைத்த காலத்தில் வெட்டப்பட்ட அகன்ற சதுரக் கிணறுகள் இன்றும் தோட்டந்தோறும் இருக்கின்றன. அவற்றுட் பலவற்றில் யாரோ ஒரு பாட்டனார் என்றோ விட்ட விராலின் சந்ததி வாழ்கின்றது. கிணற்றின் சுவர்கள் காலையும் மாலையும் வெயிலைத் தடுத்துவிடுகின்றன. நண்பகலில் ஒரு நாழிகையோ இரண்டு நாழிகையோதான் ஒளி நீர்மட்டத்தைத் தொடும். அப்பொழுது அடியிலிருந்து எழுந்து வரும் கரிய முதுகை மேலிருந்தே காணலாம். நீந்தத் தெரியாதோர் தனியே படியிறங்க வேண்டா.

அத்தகைய கிணறொன்றில், நான் மாணவனாயிருந்த நாளில், செய்த காரியம் ஒன்றைச் சொல்லவேண்டும். கோடைமழை பெய்து புதுநீர் இறங்கியிருந்தது. நண்பகல் ஒளியில், நீர்மட்டத்தில், தீக்கொழுந்தின் நிறமுடைய ஒரு திரள் கொதிப்பதுபோல் அசைந்தது. அது விராற் குஞ்சுகளின் கூட்டம். அவை மேலே எழுந்து மூச்சு வாங்கி மறுபடி அமிழும். அடியில் பெரியதோர் நிழல் அவற்றோடு சென்றது. நான் ரப்பர்த் தவளையைக் குஞ்சுகளின் நடுவிலேயே போட்டேன். எண்ணவேண்டிய தேவையே இல்லாது போயிற்று. அந்த நிழல் பாய்ந்து பற்றிக்கொண்டது. அவ்வளவு எளிதாக அதற்கு முன்னும் பின்னும் எனக்கு மீன் அகப்பட்டதில்லை. தோட்டத்துப் பெரியவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, தாயைப் பிடிச்சுப்போட்டாயே, குஞ்சை இனி யார் பார்ப்பாங்க?" என்றார். நான் விடை கூறவில்லை. மறுநாள் நண்பகலிற் போய்ப் பார்த்தேன். கெண்டைகளும் குரவைகளும் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. சிவப்பு நிறத்தை எங்கும் காணேன்.

அந்த மீன் பசியால் இரையைப் பற்றவில்லை என்பதைப் பிறகே கற்றேன். விரால்கள் செடிகளை விலக்கி நீர்மட்டத்தில் இடம் செய்து, மிதக்கும் மஞ்சள் முட்டைகளை இடுகின்றன. முட்டை ஏறக்குறைய ஒன்றரை நாளிற் பொரிக்கும். அதன்பின் வாரக்கணக்காகப் பெற்ற மீன்கள் குஞ்சுகளைச் சுற்றிக் காவல் செய்கின்றன. பெரியவர் தாய் என்றது பெரும்பாலும் தந்தையாகவே இருக்கும், ஆண்மீனே காவலில் முந்தி நிற்பதால். குஞ்சுகளின் நடுவே விழும் எதனையும் அது பகையென்று கடிக்கும். அதனைப் பிடிப்பதற்குத் திறமை வேண்டியதில்லை. ஒரு மீனைப் பிடிப்பதாக எண்ணி நூற்றுக்கணக்கானவற்றை அழித்துவிடுகின்றோம். செந்திரளைக் கண்டவிடத்தில் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விடுக. குஞ்சுகள் செந்நிறம் மாறிப் பிரிந்து சென்றபின் அத்துறைக்குத் திரும்பலாம்.

தடையின்றிப் பிடிக்கக்கூடிய விராலும் உண்டு. வைகாசிக்குள் வற்றிப்போகும் ஏரியின் கடைசிக் குட்டையில் அகப்பட்டவை அவை. ஈரமுள்ள சேற்றிற் புதைந்து அவற்றுட் சில மழை வரும்வரை பிழைத்திருக்கும். சேறும் காய்ந்து வெடிக்கும் ஆண்டில் கொக்குக்கும் பருந்துக்கும் இரையாகும். இவற்றை உயிரோடு எடுத்து, வேண்டியதை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, இளமீன்கள் சிலவற்றை ஆழ்ந்த கிணற்றில் விடுவது நம் குடியானவர் சிலரின் பழைய வழக்கம். அகன்ற வாயுள்ள பானையிற் பாதியளவே நீர் விடுக. நிறைய விட்டு மூடினால் மீன் செத்துப்போம், அதற்கு மேலே காற்றிருக்க இடம் வேண்டும். வாயை மெல்லிய நனைந்த துணியால் இறுகக் கட்டுக. கட்டாத பானையிலிருந்து விரால் எவ்வளவு உயரம் துள்ளும் என்பதை வழிநடையில் அறிந்துகொள்ள நேரும்.