சூப்புக்குப் பதம் தருவது எது?

இரவு மிஞ்சிய ஆட்டுக்கால் சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். மேலே வெள்ளை வெளேரென்று கொழுப்பு உறைந்திருக்கும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்தால், அடியில் தொட்டால் ஆடும் கட்டி இருக்கும். அடுப்பில் வைத்ததும் அது மறுபடியும் சூப்பாகிவிடும். மாவு எதுவும் கரைத்து ஊற்றாமலே இது எப்படிக் கட்டியானது? இதற்கு விடை தெரிந்துகொண்டால் சூடான சூப், ஆப்பத்துக்கான ஸ்டூ, சில்லென்ற சூப் மூன்றும் வீட்டிலேயே கைவரும்.

ஆட்டுக்காலில் கறி கொஞ்சம்தான்; எலும்பும் தோலும் தசைநாரும்தான் அதிகம். இவற்றில் நிறைந்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது அதன் அமைப்பு. தண்ணீரில் சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் வெந்தால் முறுக்கு பிரிந்து இழைகள் கரைந்துவிடும். அப்படிக் கரைந்ததுதான் ஜெலட்டின். சூப் குடிக்கும்போது உதடு ஒட்டுவது இதனால்தான். ஆறியதும் இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, சூப் கட்டியாகிறது. சுமார் 35 டிகிரியில் அந்தப் பின்னல் அவிழ்ந்துவிடுகிறது.

சாதாரணப் பாத்திரத்தில் ஆட்டுக்கால் வேக மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரி வரை உயர்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். குக்கரின் முன்னோடியான கலத்தை 1679-இல் உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் டெனி பாப்பானின் நோக்கமும் எலும்பை மென்மையாக்குவதுதான்.

கறிக்கடையில் தீயில் வாட்டிச் சுத்தம் செய்து நறுக்கித் தந்த கால்களை மஞ்சள்தூள் போட்டுக் கழுவி, பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றுங்கள். திரண்டு வரும் சாம்பல் நிற நுரையை எடுத்துவிட்டு, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, சீரகம் தட்டிப் போட்டுக் குக்கரை மூடுங்கள். விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கிவிட வேண்டும். மிளகை மட்டும் இறக்கும்போது இடித்துப் போடுங்கள். அதன் வாசனை எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. முதலிலேயே போட்டால் காரம் நிற்கும், வாசனை போய்விடும்.

ஸ்டூவில் பதம் தருவது தேங்காய்ப்பால். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகளைப் புரதம் சூழ்ந்து காப்பதால்தான் அது பாலாகவே நிற்கிறது. கொதி வந்தால் அந்தப் புரதம் கெட்டிப்பட்டு, எண்ணெய் தனியே பிரிந்து, பால் திரிந்துவிடும். அதனால் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் இரண்டாம் பாலில் வேகவைத்து, அடுப்பைக் குறைத்த பிறகே முதல் பாலை ஊற்ற வேண்டும். ஓரத்தில் சிறு குமிழிகள் எட்டிப் பார்க்கும் நேரமே இறக்க வேண்டிய நேரம்.

குளிர்ந்த சூப்புக்கு எலும்புச்சாறு ஒத்துவராது, ஃப்ரிட்ஜில் கட்டியாகிவிடும். வெயிலுக்குப் பேர்போன ஸ்பெயினின் அந்தலூசியா மக்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். அங்கே செய்யும் கஸ்பாச்சோவுக்கு அடுப்பே தேவையில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து தக்காளி வருவதற்கு முன்பே ரொட்டி, பூண்டு, வினிகர், ஆலிவ் எண்ணெய் சேர்த்து இடித்து உண்டவர்கள் அவர்கள். இன்றைய முறையில் நன்கு பழுத்த தக்காளி ஒரு கிலோ, ஒரு வெள்ளரிக்காய், பாதி குடைமிளகாய், ஒரு பல் பூண்டு, ஊறவைத்த ரொட்டித் துண்டு ஆகியவற்றை மிக்சியில் அரைக்கலாம். மிக்சி ஓடும்போதே ஆலிவ் எண்ணெயை மெல்லிய தாரையாக விடுங்கள். கடும் சிவப்பு மெல்ல ஆரஞ்சாக வெளுக்கும். எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறிக் கலந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். வினிகரும் உப்பும் சேர்த்து, வடிகட்டிக் குளிரவையுங்கள்.

பரிமாறும் முன் ஒருமுறை ருசி பாருங்கள். இனிப்பையும் உமாமிச் சுவையையும் நாக்கு உணர உதவும் டிஆர்பிஎம்5 என்ற புரதம், குளிரில் மந்தமாகத்தான் வேலை செய்யும். ஃப்ரிட்ஜில் வைக்குமுன் சரியாக இருந்த சூப், குளிர்ந்த பிறகு சப்பென்று தெரியலாம். உப்பையும் புளிப்பையும் அப்போது திருத்திக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய சூடான சூப்பைப் பெரிய பாத்திரத்தோடு இரவெல்லாம் அடுப்பின் மேல் விடாதீர்கள். கொதித்த பிறகும் பிழைத்திருக்கும் நுண்ணுயிர் வித்துகள் சில உண்டு. வெதுவெதுப்பில் அவை மளமளவென்று பெருகும். அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய ஸ்டூவைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்பதால், அதை மட்டும் அன்றன்றைக்கு வேண்டிய அளவே செய்துகொள்வது நல்லது.