ஊசியும் ஓதமும்

மாஹிம் கரையில் வாழ்வோர்க்கு ஓதத்தின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொங்கி வந்த நீர் சில மணி நேரத்தில் வடிந்து சேறு தெரியும். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை ஊசியால் ஏற்றிக்கொள்பவரின் இரத்தத்திலும் இத்தகைய ஏற்ற இறக்கம் நிகழ்கின்றது. உடற்கட்டை விரும்பும் நம் இளைஞரிடையே இவ்வூசியைப் பற்றிய பேச்சு அடிபடுவதால் இதனை எழுத முற்பட்டோம்.

1935-ஆம் ஆண்டில் புட்டெனாண்ட், ருசிக்கா என்னும் அறிஞர் இருவர் தனித்தனியே இதனைச் செயற்கையாக ஆக்கினர். இன்று வழங்கும் ஊசிகளுள் எனந்தேட் என்பது எண்ணெயில் கரைந்த மருந்து. தசையில் தங்கிச் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கும். முதல் இரண்டு மூன்று நாட்களில் அளவு உச்சிக்கு ஏறும். இரண்டு வாரத்தில் தாழ்ந்துவிடும். ஊக்கமும் சோர்வும் மாறி மாறி வரக்கூடும். அண்டெக்கனோயேட் என்பது நெடுநாள் நிற்பது. 1000 மில்லிகிராம் ஊசியை முதலில் ஆறு வாரம் கழித்தும், பின்னர் 10 முதல் 14 வாரத்திற்கு ஒருமுறையும் இடுவது வழக்கம். இதில் ஏற்ற இறக்கம் குறைவு.

உள்ளே நடப்பதுதான் கவனிக்கத் தக்கது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, வெளியிலிருந்து வந்ததைப் போதுமானதெனக் கொண்டு, விரைகளுக்கு அனுப்பும் ஏவலைக் குறைத்துவிடுகிறது. உடல் தானே சுரப்பது நின்றுபோகிறது, விந்தணுவும் அருகுகிறது. 1990-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், ஏழு நாடுகளைச் சேர்ந்த 271 ஆடவர்க்கு வாரந்தோறும் 200 மில்லிகிராம் எனந்தேட் இடப்பட்டது. ஆறு மாதத்திற்குள் 157 பேரிடம் விந்தணு அறவே இல்லாதொழிந்தது. அவ்வாய்வு கருத்தடைக்காகவே நடந்தது என்பதை நம் இளைஞர் எண்ணிப் பார்க்கட்டும்.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோர்க்குச் சுரப்பு மீளும். ஆயினும் மாதங்கள் பல ஆகும், சிலர்க்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை சோர்வு வாட்டும். மணமாகியும் மகப்பேறு இல்லையெனில் பழியைப் பெண்மீது சுமத்தும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் ஒழியவில்லை. கணவன் மறைத்த ஊசிக்காக மனைவி விரதமிருப்பது எவ்வளவு கொடுமை!

மெய்யாகவே சுரப்புக் குறைந்தவர்க்கு இம்மருந்து நன்மை தருவதே. அவர்கள் அஞ்ச வேண்டா. காலை வேளையில், வெவ்வேறு இரு நாட்களில் இரத்தம் சோதித்துக் குறைவை உறுதி செய்த பின்னரே டாக்டர் தொடங்குவார். இரத்தம் தடிக்கின்றதா என்பதையும் அவ்வப்போது பார்ப்பார். பிள்ளைப்பேறு விரும்புவோர் அதனை முன்கூட்டியே அவரிடம் சொல்லவேண்டும். டாக்டரின் சீட்டின்றி நண்பர் கையால் ஊசி போட்டுக்கொள்வது கூடாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளிடம் இதனை வெட்கமின்றிப் பேசுங்கள்.