சி மொழியில் ++, -- செய்கருவிகள்

மாறியொன்றின் பெறுமானத்தை ஒன்றால் கூட்டுவது ++ (அதிகரிப்புச் செய்கருவி). ஒன்றால் குறைப்பது -- (குறைப்புச் செய்கருவி). இவற்றைக் கென் தொம்சன் சி மொழிக்கு முந்திய பி மொழிக்காக உருவாக்கினார். அங்கிருந்தே சி மொழிக்கு வந்தன.

மாணவர் பலர் புள்ளிகளை இழப்பது, குறி மாறிக்கு முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று பாராமல் விடை எழுதுவதாலாகும்.

க, ப என்பன நிறைவெண் மாறிகள் எனவும் தொடக்கத்தில் க = 5 எனவும் கொள்வோம்.

1. ப = ++க; (முன்னொட்டு)
கூட்டிய பின் உள்ள பெறுமானமே கோவைக்குக் கிடைக்கும். ப = 6, க = 6.

2. ப = க++; (பின்னொட்டு)
பழைய பெறுமானமே கோவைக்குக் கிடைக்கும். க ஒன்றால் கூடும். ப = 5, க = 6.

இரண்டிலும் க இன் இறுதிப் பெறுமானம் 6 ஆகும். வேறுபடுவது ப மட்டுமே. எனவே க++; என்றோ ++க; என்றோ தனிக் கூற்றாக எழுதினால் விளைவில் வேறுபாடில்லை. -- இற்கும் இதே விதிகள் பொருந்தும்.

மீள்செயலில் கவனம் தேவை. க = 3 ஆக இருக்கும்போது வைல் கூற்றின் நிபந்தனை (க-- > 0) எனின் உடற்பகுதி 3 தடவைகள் நிறைவேறும்; முடிவில் க = -1. நிபந்தனை (--க > 0) எனின் 2 தடவைகளே நிறைவேறும்; முடிவில் க = 0. குறியின் இடம் மாறியதால் ஒரு சுற்றுக் குறைந்துவிட்டது.

கவனிக்க:
• இவை மாறிகளுக்கே உரியன. 5++, (க + ப)++ என்பன பிழையானவை.
• க = க++ + ++க; போன்று ஒரே கோவையில் ஒரு மாறியைப் பல தடவை மாற்றாதீர்கள். இதன் விளைவைச் சி மொழியின் நியமம் வரையறுக்கவில்லை. தொகுப்பானுக்குத் தொகுப்பான் விடை வேறுபடலாம்.

பயிற்சி: க = 4 எனின், பின்வரும் கூற்றுக்கள் வரிசையாக நிறைவேறிய பின் க, ப இன் பெறுமானங்கள் யாவை?
ப = க++ + 3;
ப = --க * 2;

விடை: முதற் கூற்றின் பின் ப = 7, க = 5. இரண்டாவதில் க முதலில் 4 ஆகக் குறையும்; எனவே ப = 8, க = 4.

ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு வரி வீதம் க, ப என இரு நிரல்களில் பெறுமானங்களை எழுதிப் பாருங்கள். மனத்தால் கணிப்பதிலும் அதுவே பாதுகாப்பானது.