பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

குருவிட்ட நகரிலிருந்து இரத்தினபுரிக்கு ஏ4 வீதியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி அந்த வீதியைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக்கு ரயிலும் இருந்தது. 1912இல் இரத்தினபுரியை எட்டிய களனிவெளிக் குறும்பாதை குருவிட்ட வழியாகத்தான் போனது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் அந்தச் சேவை நின்றுபோனது. மிஞ்சியது பஸ். பெரட்டுக்குப் போய்க் கொழுந்தெடுத்த, பால் வெட்டிய தலைமுறைக்கு வேலை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. நடந்து போய் நடந்து வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இரத்தினபுரி வரை போகிறார்கள். ஷிப்ட் முடிகிற நேரமும் கடைசி பஸ் போகிற நேரமும் ஒத்துவராத இடத்தில் ஸ்கூட்டர் வீட்டுக்கு வருகிறது. வாங்குவதைப் பற்றி வீட்டில் மாதக்கணக்கில் பேச்சு நடக்கும்: லீசிங் எவ்வளவு, யார் பிணை நிற்பது, எந்த நிறம். ஓட்டப் பழகுவதைப் பற்றிய பேச்சு ஒரு பின்னேரத்தோடு முடிந்துவிடும். இத்தனைக்கும் பழகுவதற்கென்றே லைசன் எடுக்கும் நடைமுறைக்குள் ஒரு காலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது வீணாகக் கழிகிறது என்பதே இங்கே சொல்ல வருவது.

நடைமுறையை முதலில் பார்த்துவிடலாம். 18 வயது நிறைந்தவர் தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் ஆகியவற்றோடு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறார். எழுத்துப் பரீட்சையில் 40 கேள்விகள். 30 சரியாக இருந்தால் சித்தி. தமிழிலும் எழுதலாம். சித்தியடைந்தவருக்குப் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அதன்பின் மூன்று மாதம் கழிந்த பிறகே ட்ரயல் என்று எல்லோரும் சொல்லும் செயன்முறைப் பரீட்சை. இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஏ1 வகுப்பு 100 சிசி வரையிலான இலகு மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே செல்லும். அதற்கு மேலே போனால் ஏ வகுப்பு வேண்டும். ஸ்கூட்டி பெப் பிளஸ் 90 சிசிக்கும் குறைந்தது, ஏ1 போதும். ஹொண்டா டியோ ஏறத்தாழ 110 சிசி, ஏ1 போதாது. இரண்டையும் ஒன்றாக 'ஸ்கூட்டி' என்றே அழைக்கிற ஊரில், கையில் லைசன் இருந்தும் தன் வண்டிக்கு லைசன் இல்லாதவராக ஒருவர் ஓடித்திரிய முடியும். விபத்து என்று வந்து காப்புறுதி நிறுவனம் பத்திரத்தைப் புரட்டும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியவரும்.

அந்த மூன்று மாதத்தை ஏன் பெரிதாக எடுக்க வேண்டும்? ட்ரயல் மைதானத்தில் பார்க்கப்படுவது சமநிலை, சிக்னல், விதி. குருவிட்டவைச் சுற்றிய பாதைகள் கேட்பது வேறு. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும். தோட்டத்துப் பாதை செங்குத்து. கொங்கிரீட் போட்ட இடத்தில் பாசி, போடாத இடத்தில் பள்ளம், இறப்பர் மரத்தடியில் ஊறிய இலை. கியர் வண்டியில் இறங்குகிறவர் கியரைக் குறைத்தால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். ஸ்கூட்டர் அப்படியல்ல. அதன் கிளட்ச் எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்துத் தானாகப் பிடிப்பது. அக்ஸிலேட்டரை முழுக்க விட்டு மெல்ல இறங்கினால் ஒரு கட்டத்துக்குக் கீழே கிளட்ச் விட்டுவிடும், வண்டி சும்மா உருளும். அப்போது முழுப் பாரமும் பிரேக்குக்கு. மேட்டு லயத்திலிருந்து வீதி வரைக்கும் ஒரே பிடியில் பிரேக்கை அழுத்திக்கொண்டு வந்தால் டிரம் சூடாகி, கடைசி வளைவில் பிடி தளரும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும் என்பதைக் கை பழகித்தான் கற்றுக்கொள்ளும்.

முன் பிரேக்கின் கதை இன்னும் முக்கியமானது. 'முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிக்கும்' என்பதே நம் ஊரில் வண்டி பழக்குகிறவரின் முதல் உபதேசம். அதனால் வலது கை லீவர் பேருக்குத்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பின் சில்லு இலேசாகிப் பிடிப்பை இழக்கிறது, முன் சில்லுக்குப் பிடிப்புக் கூடுகிறது. 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீற்றர் போகும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தவர், காய்ந்த தார் வீதியில் பிடித்த இடத்திலிருந்து பத்து மீற்றருக்குச் சற்று முன்பின்னாக நிறுத்திவிடலாம். பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்கு அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் வேண்டும், கூடவே வண்டி வழுக்கும். அந்த உபதேசத்தில் உண்மையே இல்லை என்று சொல்லவில்லை. வளைவில் சாய்ந்திருக்கும்போதோ மணலிலோ முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் செய்வார்கள். முதலில் மெல்லத் தொட்டு, பாரம் முன்னுக்கு வந்த பிறகு இறுக்க வேண்டும். வாயால் சொல்ல ஒரு நிமிடம் போதும்; விரல் பழக வாரங்கள் ஆகும்.

பயிற்சியில்லாமல் வீதிக்கு வருவதன் விளைவை அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்து 1981இல் வெளியான ஆய்வு அருகிலிருந்து பார்த்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தபோது, சிக்கிய ஓட்டுநர்களில் 92 வீதமானோர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ வீட்டாரிடமோ நண்பரிடமோ பழகியவர்கள். நேர்மையாகப் பார்த்தால் எதிர்வாதமும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2010ஆம் ஆண்டு மதிப்பாய்வு உலகெங்கும் நடந்த பயிற்சித் திட்டங்களை ஒப்பிட்டு, எந்தப் பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை என்றது. இதை வைத்துப் பயிற்சியே வீண் என்று முடிவுகட்டுவது பிழை. அந்த ஆய்வுகள் ஒரே விதமான பயிற்சியைப் பற்றியவை அல்ல; அவற்றின் தரமும் சமமல்ல. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: ஒரு சான்றிதழுக்காக இரண்டு நாள் வகுப்பில் குந்தியிருப்பதைப் பயிற்சி என்று நம்ப முடியாது. தான் தினமும் போகிற பாதையில், தான் ஓட்டப்போகிற வண்டியில், வாரக்கணக்கில் செய்து பழகுவதே தேவை. தலைக்கவசத்தைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கே இடமில்லை. அது மரண ஆபத்தை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று 2008ஆம் ஆண்டின் இன்னொரு கொக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. நாடி வார் பூட்டாத ஹெல்மட், விழும்போது தலை தரையில் படுமுன்னரே கழன்று போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

'தோட்டத்துக்குள்தானே ஓடுகிறோம், பொலிஸா வரப்போகிறது' என்ற பேச்சும் உண்டு. தோட்டத்துக்குள் மட்டும் ஓடுவதற்காக யாரும் லீசிங் கட்டுவதில்லை. முதல் மாதத்திலேயே வண்டி ஏ4க்கு வந்துவிடும். அங்கே கொழும்பு பஸ்ஸும் மண் ஏற்றிய டிப்பரும் வளைவில் முந்தும். சிவனொளிபாத மலைப் பருவத்தில், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை, எரத்ன பாதைக்குத் திரும்பும் வான்கள் இரவெல்லாம் வரும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டினால் தண்டம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அதைவிடப் பெரிய இழப்பு மோதிய பிறகு வருவது. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். வருடத்துக்கு 2,000க்கும் அதிகமானோர் வீதியில் இறக்கிறார்கள், அவர்களில் பெரும் பங்கினர் இரண்டு சில்லு வண்டியில் போனவர்கள். உழைக்கும் ஒரே பிள்ளை கால் முறிந்து லயத்தில் படுத்தால் அந்த வீட்டில் அடுப்பெரிவது கஷ்டம்.

செலவைப் பற்றிய எதிர்ப்பு நியாயமானது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. லேனர்ஸ் எனப்படும் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் சேரும் பணம், மருத்துவச் சான்றிதழ், பரீட்சைக் கட்டணம், அலையும் நாட்களில் இழக்கும் கூலி எல்லாம் சேர்ந்தால் பல நாட் சம்பளம் கரைந்துவிடும். ஆனாலும் செலவின் பெரும்பகுதி கற்பித்தலுக்கு அல்ல, அலைச்சலுக்கே போகிறது. மருத்துவப் பரிசோதனையையும் எழுத்துப் பரீட்சையையும் நடமாடும் சேவையாகத் தோட்டப் பாடசாலைக்குக் கொண்டுவந்தால் பாதிச் சுமை குறையும். பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை பதில் சொல்லும். 1990களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் கூலி வேலை செய்யும் பெண்களும் ஊர்ப் பொட்டலில் ஒருவருக்கொருவர் பிடித்துவிட்டுப் பழகினார்கள். பின்னர் 2018இல் தமிழ்நாடு அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதியை, 25,000 இந்திய ரூபாய் வரை, மானியமாகக் கொடுத்தபோது ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. வண்டிக்குக் கடன் கொடுக்கும் நம் ஊர் நலத்திட்டங்களும் அந்த ஒழுங்கைப் பின்பற்றலாம்.

மொழி இன்னொரு தடை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, அதனால் சிங்களத்தில் கற்பித்தால் என்ன என்று கேட்பார்கள். பேசுவது வேறு, பரீட்சைத் தாள் வேறு. வீதியில் 'மஞ்சள் கோடு' என்று சொல்லிப் பழகியவர் தமிழ்த் தாளில் 'பாதசாரிக் கடவை' என்பதைக் கண்டு தடுமாறுவார். 1988இன் 16ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கவும் தமிழில் பதில் பெறவும் ஒருவருக்கு உரித்துண்டு. அந்த உரித்து பயிற்சி மைதானத்துக்கும் வந்துசேர வேண்டும்.

மூன்று மாதத்தில் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அன்று பெரட்டு இல்லை, தோட்டத்து விளையாட்டு மைதானமும் காலையில் சும்மாதான் கிடக்கும். லைசன் உள்ள, பொறுமையுள்ள ஒருவர், சுண்ணாம்புக் கோடு, நாலு கல், இரண்டு வண்டி, வார் பூட்டிய ஹெல்மட் போதும். முதல் ஞாயிறு வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். தள்ளிக்கொண்டு போய் இரண்டு பிரேக்கும் எங்கே பிடிக்கிறது என்று விரல் அறியட்டும். எட்டாவது ஞாயிறு மழை பெய்தால் வகுப்பை நிறுத்தாமல் ஈரத்தில் நிறுத்திப் பார்க்கட்டும். பதின்மூன்றாவது ஞாயிறு எல் போர்டோடு மேட்டு லயத்திலிருந்து வீதி முனை வரைக்கும் இறங்கி, ஏ4இன் விளிம்பில் முழுமையாக நின்று, வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம் பார்த்த பிறகு திரும்பட்டும்.