நார்னியாவின் பிறப்பு திரைக்கு வருகிறது

சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட ஏழு நார்னியா நூல்களில் மூன்று மட்டும் 2005, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் திரைப்படங்களாக வந்து, பின் அந்த வரிசை நின்றுபோன ஏமாற்றத்தை இன்னும் மறவாத என் போன்ற ரசிகர்களுக்கு, இயக்குநர் கிரேட்டா கெர்விக் ‘மந்திரவாதியின் மருமகன்’ என்னும் ஆறாவது நூலைப் படமாக்க முன்வந்திருக்கும் செய்தி அளவற்ற ஆனந்தத்தைத் தந்திருக்கிறது. கதைக்கிரமப்படி அதுவே ஆதி நூல். சூனியமான இருளிலே அஸ்லான் என்னும் சிங்கம் பாடப் பாட நட்சத்திரங்களும் மலைகளும் மிருகங்களும் சிருஷ்டியாகின்றன. லண்டன் தெருவிளக்கிலிருந்து முறித்தெடுத்த இரும்புத் துண்டை ஜேடிஸ் என்னும் சூனியக்காரி அஸ்லான்மீது வீசியெறிய, அத்துண்டு விழுந்த இடத்திலேயே வேர்விட்டுச் சுடர்விடும் விளக்குக் கம்பமாய் முளைக்கிறது. பின்னாளில் லூசி என்னும் சிறுமி பனியினூடே காணும் விளக்கு அதுதான்! அந்தச் சிருஷ்டி கானத்தை எவ்விதம் கேட்கச் செய்வார்களோ என்பதே இப்போது என் சிந்தை முழுவதும். வாத்தியங்களின் ஆரவாரமின்றி, சொல்லற்ற ஒற்றைக் குரலாகவே அது தொடங்கும் என்று ஊகிக்கிறேன். அப்படித் தொடங்கினால்தான் லூயிஸின் கற்பனைக்கு நியாயம் செய்ததாகும். படம் வருமுன், அன்பர்கள் அந்த நூலை ஒருமுறை அவசியம் வாசித்துவிட வேண்டும்.