வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் தூத்துக்குடிக்கு வந்தால் பான் கார்டு வேணுமா? படிவம் 49ஏஏ முழு விளக்கம்



மன்னார் வளைகுடாவைப் படிக்க வெளிநாட்டுக்காரங்க வர்றது புதுசு இல்ல. 1902-ல லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் இலங்கைப் பக்கத்து முத்துப் படுகைகளை ஆராய வந்தார். கூட வந்த ஜேம்ஸ் ஹார்னல் பிறகு சென்னை மாகாண அரசின் முத்து, சங்கு மீன்பிடிப்புக்குப் பொறுப்பு அதிகாரியாகவே ஆனார். இன்னிக்கும் தூத்துக்குடியில மீன்வளக் கல்லூரி, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்னு ஆராய்ச்சிக்கு இடம் இருக்கு. ஆனா ஹெர்ட்மனுக்கு இல்லாத ஒரு கவலை இப்ப வர்றவங்களுக்கு உண்டு: பான் நம்பர்.

இந்தப் பதிவு ரெண்டு பேருக்கு. ஒண்ணு, இங்க வந்து வேலை பார்க்கிற வெளிநாட்டு ஆராய்ச்சியாளர். ரெண்டு, அவருக்குச் சம்பளம் போடுற கல்லூரி அக்கவுண்ட்ஸ் பிரிவு. எல்லா விவரமும் 2025-26 நிதியாண்டு நிலவரப்படி.

முதல்ல, பான் தேவையா?

எல்லாருக்கும் தேவையில்லை. சொந்த நாட்டு பல்கலைக்கழகமே பணம் கொடுக்குது, இங்க வருமானம் எதுவும் இல்லை, சும்மா பவளப்பாறையை ஆராய்ஞ்சுட்டுத் திரும்பிப் போறார்னா, பொதுவா பான் அவசியம் இல்லை. வங்கிக் கணக்கு தொடங்கணும்னாலும், பான் இல்லாதவங்க படிவம் 60 கொடுக்க விதியில வழி இருக்கு.

ஆனா இந்திய நிறுவனம் ஒண்ணு சம்பளமோ கட்டணமோ கொடுக்குதுன்னா, பான் எடுத்தே ஆகணும்னு வெச்சுக்கோங்க. ஏன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பான் இல்லைன்னா எவ்வளவு நஷ்டம்?

உதாரணத்துக்கு, ஒருத்தர் முதல் முறையா இந்தியா வர்றார். நவம்பர்ல வேலையில சேர்ந்து மார்ச் வரை மாசம் 1,20,000 ரூபாய் சம்பளம். மொத்தம் 6,00,000. அந்த நிதியாண்டுல அவர் இங்க இருந்தது 151 நாள்தான், 182-ஐத் தொடல. அதனால வரிச் சட்டப்படி அவர் வெளிநாட்டில் வசிப்பவர்.

பான் இருந்தா: நிலையான கழிவு 75,000 போக 5,25,000. புதிய வரி முறையில முதல் 4,00,000-க்கு வரி இல்லை. மீதி 1,25,000-க்கு 5 சதவீதம் 6,250. அதோட 4 சதவீத செஸ் 250. மொத்தம் 6,500 ரூபாய். (12 லட்சம் வரை வரி இல்லைன்னு சொல்ற 87ஏ தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். இவருக்குக் கிடையாது.)

பான் இல்லைன்னா: பிரிவு 206ஏஏ படி குறைஞ்சது 20 சதவீதம் பிடிக்கணும். 5,25,000-ல 20 சதவீதம் 1,05,000 ரூபாய்!

6,500 எங்க, 1,05,000 எங்க? இன்னொரு சிக்கலும் இருக்கு. பான் இல்லாம பிடிச்ச டிடிஎஸ் அவர் பேர்ல 26ஏஎஸ்-ல ஏறாது. பின்னாடி பான் எடுத்தாலும், கல்லூரி தன்னோட டிடிஎஸ் அறிக்கையைத் திருத்திக் கொடுத்தாத்தான் ரீஃபண்ட் கேட்க முடியும். அவர் ஊருக்குப் போன பிறகு இதுக்காக அலையறது யாரு?

"விதி 37பிபி-ஓ 37பிசி-யோ இருக்கே, அதுல விலக்கு உண்டே"ன்னு சிலர் கேட்பாங்க. 37பிசி-தான் அது. ராயல்டி, தொழில்நுட்பக் கட்டணம், வட்டி மாதிரி சில வகைகளுக்கு மட்டும் பொருந்தும். சம்பளத்துக்குப் பொருந்தாது.

49ஏ இல்லை, 49ஏஏ

அதிகம் பேர் குழம்புற இடம் இதுதான். எங்க வசிக்கிறார்ங்கிறது கேள்வி இல்லை, எந்த நாட்டுக் குடிமகன்ங்கிறதுதான் கேள்வி.

- இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கிற என்ஆர்ஐ: படிவம் 49ஏ.
- வெளிநாட்டுக் குடிமகன்: படிவம் 49ஏஏ.
- ஓசிஐ கார்டு இருக்கிறவர்: அவரும் வெளிநாட்டுக் குடிமகன்தான், 49ஏஏ.
- யாழ்ப்பாணத்துல இருந்து வர்ற தமிழ் ஆராய்ச்சியாளர்: மொழி ஒண்ணுன்னாலும் குடியுரிமை இலங்கை, அதனால 49ஏஏ.

ஆதார் கேட்டா பயப்பட வேண்டாம். இந்தியக் குடிமகன் அல்லாதவருக்கு ஆதார்-பான் இணைப்பிலிருந்து 2017-லயே விலக்கு கொடுத்தாச்சு. அதே சமயம், ஆதாரை வெச்சு உடனடியா எடுக்கிற இ-பான் வழியும் இவங்களுக்கு இல்லை.

என்னென்ன ஆவணம்?

அடையாளத்துக்கு பாஸ்போர்ட் நகல் போதும். முகவரிக்கும் அதையே கொடுக்கலாம். ஆனா கார்டு தூத்துக்குடி முகவரிக்கு வரணும்னா, அந்த முகவரிக்குத் தனிச் சான்று வேணும். இதுக்கு நல்ல ஆவணம், எஃப்ஆர்ஆர்ஓ கொடுக்கிற பதிவுச் சான்றிதழ். 180 நாளுக்கு மேல் செல்லும் விசாவில் வர்றவங்க, வந்த 14 நாளுக்குள்ள எப்படியும் ஆன்லைன்ல அந்தப் பதிவைப் பண்ணணும். அதனால அதை முதல்ல முடிச்சுட்டு பானுக்குப் போங்க.

விசா, நியமனக் கடிதம், வேலை கொடுத்தவர் தரும் அசல் முகவரிச் சான்று, இந்த மூணும் சேர்ந்தாலும் ஏத்துப்பாங்க. ஆனா விதியில 'இந்திய கம்பெனி'யோட நியமனக் கடிதம்னுதான் எழுதியிருக்கு. கல்லூரிக் கடிதத்துக்குக் கேள்வி வரலாம். எஃப்ஆர்ஆர்ஓ சான்றிதழ் இருந்தா அந்தப் பேச்சே இல்லை.

விண்ணப்பிக்கிற முறை

1. புரோட்டீன் (பழைய என்எஸ்டிஎல்) அல்லது யூடிஐஐடிஎஸ்எல் தளத்துல 49ஏஏ-வைத் தேர்ந்தெடுங்க.
2. பேரை பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே எழுதுங்க. இனிஷியல் கூடாது. ஒரே பேர்தான்னா அதைக் கடைசிப் பெயர் கட்டத்துல போடுங்க. பானோட அஞ்சாவது எழுத்து அதுல இருந்துதான் வரும்.
3. சொந்த நாட்டு வரி அடையாள எண் இருந்தா குறிப்பிடுங்க.
4. கட்டணம்: இந்திய முகவரிக்கு கார்டு வர 107 ரூபாய், வெளிநாட்டு முகவரிக்கு 1,017 ரூபாய்.
5. ஒப்புகைத் தாளை பிரிண்ட் எடுத்து, ஃபோட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு, ஆவணங்களோட தபால்ல அனுப்புங்க. இமெயில் முகவரியைச் சரியாக் கொடுத்தா இ-பான் பிடிஎஃப்-ஆ வந்துடும்.

ஏற்கனவே ஒரு முறை வந்து பான் எடுத்தவர், அதையே பயன்படுத்தணும். பான் ஆயுளுக்கும் ஒண்ணுதான். ரெண்டு வெச்சிருந்தா 10,000 ரூபாய் அபராதம் வரலாம்.

வரியே இல்லாமப் போக வாய்ப்பு

பல நாடுகளோட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்துல பேராசிரியர், ஆராய்ச்சியாளருக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. அமெரிக்க ஒப்பந்தத்துல அது 22-வது பிரிவு. ரெண்டு வருஷத்துக்கு மிகாம, கல்வி நிறுவனத்துல கற்பிக்கவோ ஆராயவோ வந்தவரோட ஊதியத்துக்கு இங்க வரி விலக்கு. ஆராய்ச்சி பொதுநலனுக்கானதா இருக்கணும், தனியார் லாபத்துக்குன்னு இருக்கக் கூடாது. நாட்டுக்கு நாடு நிபந்தனை மாறும், அந்தந்த ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க.

இதைக் கேட்க, சொந்த நாட்டு வரித்துறை கொடுக்கிற வரி வசிப்பிடச் சான்றிதழும், ஆன்லைன்ல தாக்கல் செஞ்ச படிவம் 10எஃப்-உம் வேணும். சான்றிதழை விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சுடச் சொல்லுங்க. முதல் சம்பளத்துக்கு முன்னாடி இது கையில இருந்தா அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் நிம்மதி.

கிளம்பும்போது

வேலைக்காக வந்து இங்க வருமானம் ஈட்டிய வெளிநாட்டவர் நாட்டை விட்டுப் போகும்போது, பிரிவு 230 படி வேலை கொடுத்தவர் படிவம் 30ஏ-ல உறுதிமொழி கொடுத்து, வரித்துறையிடம் 30பி தடையின்மைச் சான்று வாங்கணும். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க.

இன்னொரு விஷயம்: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் 2025 அமலுக்கு வருது. பிரிவு எண், படிவ எண் எல்லாம் மாறும். அதுக்கப்புறம் விண்ணப்பிக்கிறவங்க புது எண்ணைச் சரிபார்த்துக்கோங்க.

உங்க கல்லூரிக்கோ ஆய்வகத்துக்கோ யாராவது வர்றதா இருந்தா, அழைப்புக் கடிதத்தோட இந்தப் பட்டியலையும் அனுப்பி வையுங்க. அடுத்த வீடியோவில் படிவம் 10எஃப்-ஐ ஒவ்வொரு கட்டமா நிரப்பிக் காட்டுறேன்.