கல்லூரியை நேரில் கண்டு தெரிந்துகொள்ளுதல்: போதகரின் பங்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், சபைப் பெற்றோர் பலர் பிள்ளையுடன் போதகர் இல்லத்திற்கு வந்து, "ஐயா, எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?" என்று கேட்பது வழக்கம். நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுப்பதுடன் நம் கடமை நிறைவுறுவதில்லை. சேருமுன் அக்கல்லூரியைப் பிள்ளையும் பெற்றோரும் நேரில் சென்று காணச் செய்வதும் மேய்ப்புப் பணியின் ஒரு பகுதியே என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைகளுக்கு இது மிகவும் இன்றியமையாதது.

1. பல்கலைக்கழகமா, கல்லூரியா?

"எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது?" என்பதே பலர் முதலில் எழுப்பும் வினா. நம் நாட்டுக் கல்வி அமைப்பில் இவ்வினாவைச் சற்றுத் திருத்திக் கேட்க வேண்டியுள்ளது. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இலண்டன் பல்கலைக்கழக முறையைப் பின்பற்றி நிறுவப்பட்டபோது, அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. கற்பிக்கும் பொறுப்பு இணைவுபெற்ற கல்லூரிகளைச் சார்ந்தது. பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் தாமே துறைகளை நிறுவிக் கற்பிக்கத் தொடங்கினும், இளநிலைப் பட்டப் படிப்பு இன்றும் பெரும்பாலும் கல்லூரிகளிலேயே நடைபெறுகிறது. 1978-இல் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றபின், பாடத்திட்டமும் தேர்வும்கூட அக்கல்லூரிகளின் பொறுப்பாயின. ஆகவே, ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெறும் இருவர் முற்றிலும் வேறுபட்ட கல்வியைப் பெற்றிருக்கக்கூடும். நேரில் காண வேண்டியது கல்லூரியையே.

2. தரமும் பொருத்தமும்

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச் சான்று வழங்கத் தேசிய மதிப்பீட்டுக் குழு 1994-இல் நிறுவப்பட்டது. அதன் தரச் சான்று பயனுடையதே. எனினும் அது நிறுவனம் முழுமைக்கும் உரியது. ஒரு துறையின் நிலையையோ, ஒரு பிள்ளைக்கு அக்கல்லூரி ஒத்துவருமா என்பதையோ அது காட்டாது. தரம் வேறு, பொருத்தம் வேறு.

சான்றாக, சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரின் நடுவிலிருந்து தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. ஏறக்குறைய 365 ஏக்கர் பரப்பில் மரங்கள் சூழ்ந்த அவ்வளாகத்தில் சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் முதலிய விடுதிகள் கல்லூரி வாழ்வின் உயிர்நாடியாக விளங்கிவருகின்றன. 1881-இல் பசுமலையில் தோன்றிய அமெரிக்கன் கல்லூரியோ பின்னர் மதுரை நகருக்கு வந்தது. அதே நகரில் 1948-இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி பெண்களுக்கென அமைந்தது. இம்மூன்றில் எது உயர்ந்தது என்று கேட்பதில் பொருளில்லை. விடுதி வாழ்வு ஒரு பிள்ளைக்கு விடுதலையாகவும் மற்றொரு பிள்ளைக்குத் தாங்கவொண்ணாத் தனிமையாகவும் அமையலாம். இதனை விவரக் குறிப்பேடு சொல்லாது. வளாகத்தில் அரைநாள் கழித்த பிள்ளையின் முகம் சொல்லும்.

3. காண வேண்டியவை

அ) விழா நாளில் எல்லாக் கல்லூரியும் அழகாகவே இருக்கும். ஆதலின் வகுப்புகள் நடைபெறும் சாதாரண வேலைநாளில் செல்வதே நலம். கோடை விடுமுறையில் வகுப்புகள் இரா; எனவே பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே செல்லுதல் வேண்டும்.

ஆ) ஒரே வளாகத்தில், ஒரே பாடம், அரசு உதவிபெறும் பிரிவிலும் சுயநிதிப் பிரிவிலும் கற்பிக்கப்படுவதுண்டு. கட்டணம் பெரிதும் வேறுபடும். வகுப்பு நேரமும் மாறுபடலாம். இடம் கிடைப்பது எந்தப் பிரிவில் என்பதை அலுவலகத்தில் தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும்.

இ) 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறித்தவர் பட்டியல் சாதியாராகக் கருதப்படுவதில்லை, தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். எனினும் மாநில அரசின் கல்வி உதவித்தொகையில் கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடருக்கும் இடமுண்டு. இதனை அறியாத குடும்பங்கள் பல. உதவித்தொகைக்குரிய எழுத்தரை நேரில் கண்டு, என்னென்ன சான்றிதழ் வேண்டும், தொகை வரும்வரை கட்டணத்திற்குத் தவணை உண்டா என வினவுதல் வேண்டும்.

ஈ) விடுதியில் யார் யாருடன் அமர்ந்து உண்கின்றனர், இரவில் பொறுப்பாளர் அங்குத் தங்குகிறாரா என்பன கவனிக்கத்தக்கவை. 1996-இல் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங் கொடுமையால் உயிரிழந்த பின்னரே, 1997-இல் தமிழ்நாட்டில் அதற்கெதிரான சட்டம் வந்தது. சட்டம் இருந்தும், ஒரு மாணவன் துன்புற்றால் முதலில் யாரிடம் செல்வான் என்பதை இறுதியாண்டு மாணவரிடமே கேட்டறிவது நல்லது.

உ) நூலகத்தில் நூல்கள் எத்தனை என்பதைவிட, அங்கு அமர்ந்து படிப்போர் உளரா என்பதே முக்கியம். தமிழ்வழியில் பயின்று வந்தோர்க்கு ஆங்கிலத்தில் துணைவகுப்பு உண்டா என்றும் கேட்க வேண்டும்.

4. போதகர் செய்யத்தக்கதும் தகாததும்

கிராமத்துக் கூலிக் குடும்பத்திற்கு ஒரு நாள் பயணம் என்பது பேருந்துக் கட்டணத்துடன் ஒரு நாட்கூலியின் இழப்புமாகும். எனவே, "போய்ப் பார்த்து வாருங்கள்" என்று சொல்வது மட்டும் போதாது. மூன்று நான்கு பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பி, செலவைச் சபை ஏற்கலாம். அக்கல்லூரியில் ஏற்கெனவே பயிலும் சபை வாலிபர் ஒருவரை வழிகாட்டியாக வைக்கலாம். களப்பணிக்கு வரும் இறையியல் மாணவர்களும் உடன் செல்லலாம். கல்லூரி வாழ்வை அண்மையில் கடந்து வந்தவர்கள் அவர்களே.

ஆனால் முடிவை நாம் எடுத்துக் கொடுக்கலாகாது. நம் திருச்சபைக்குரிய கல்லூரி என்பதாலோ, நாம் பயின்ற கல்லூரி என்பதாலோ ஒன்றைத் திணிப்பது முறையன்று. அருகிலுள்ள அரசுக் கல்லூரியே ஒரு பிள்ளைக்கு ஏற்றதாயின் அதனைத் தயக்கமின்றிச் சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும்.

பொருந்தாத இடத்தை முன்கூட்டியே கண்டறிந்தால் இழப்பு ஒரு நாட்கூலி. சேர்ந்தபின் கண்டறிந்தால் ஓராண்டும், கட்டிய கட்டணமும், பல வேளைகளில் பிள்ளையின் தன்னம்பிக்கையுமே இழப்பாகும். படிப்பை இடையில் விட்டு ஊர் திரும்பும் பிள்ளையைப் பின்னர்ச் சந்தித்து ஆறுதல் சொல்வதைவிட, முன்னரே உடன் நடந்து செல்வது மேலான பணியாகும்.